விழாக் காட்சி எங்கிருந்து வந்தது? இந்தியச் சிற்றோவியங்களைப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிற்றோவியம் பார்க்கப் பழகுவோரில் பலர் விழாக் காட்சிகளிலிருந்துதான் தொடங்குகின்றனர். ஹோலி விளையாடும் அரசர், ஊஞ்சலில் அமர்ந்த பெண், மத்தாப்பைப் பிடித்தபடி நிற்கும் அந்தப்புர மகளிர் என்று இவை பார்த்தவுடன் புரிந்துவிடுவன போலத் தோன்றும். படத்தின் கீழே ‘ஹோலிக் காட்சி’ என்றோ ‘தீபாவளிக் காட்சி’ என்றோ பெயரும் எழுதியிருக்கும். அந்தப் பெயரை அப்படியே நம்பி, அக்காலத்தில் அந்த விழாவை இப்படித்தான் கொண்டாடினார்கள் என்று முடிவு கட்டிவிடுவதே புதியவர்கள் வழுக்கி விழும் முதல் இடம்.

இந்தியச் சிற்றோவியத்துக்குள் விழா முதலில் பாட்டின் வழியாகவே வந்தது. பருவங்களையும் மாதங்களையும் இராகங்களையும் பாடிய கவிஞர்களின் வரிகளுக்கு ஓவியர்கள் உருவம் கொடுத்தபோது, அந்த வரிகளில் இருந்த விழாவும் தாளில் இறங்கியது. பின்னர் முகலாய அரசவையில் வரலாற்று நூல்களுக்குப் படம் வரையும் வழக்கம் வேரூன்றியபோது, இன்ன நாளில் இன்ன இடத்தில் நடந்த கொண்டாட்டம் என்பது வரைவதற்குரிய ஒரு தனிப் பொருளாயிற்று. இவ்விரண்டு ஊற்றுகளும் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராஜஸ்தானத்து அரண்மனைகளில், அவற்றிலும் குறிப்பாக மேவார் நாட்டின் உதயப்பூரில், ஒன்றாகக் கலந்தன. எனவே ஒரு விழாப் படத்தைப் பார்த்தால் அது எந்த விழா என்று கேட்பதற்கு முன்பே, அது பாட்டிலிருந்து வந்ததா, அரசவையிலிருந்து வந்ததா, இரண்டும் கலந்ததா என்று கேட்டுப் பழக வேண்டும். அதற்குத் துணையாகச் சில படிகளைக் கீழே தருகிறேன்.

முதற்படி: நடுவில் இருப்பவரை அடையாளம் காணுங்கள்

பெரும்பாலான விழாப் படங்களின் நடுவில் மூவரில் ஒருவர் இருப்பார். நீல மேனியும் மஞ்சள் ஆடையும் மயிற்பீலி முடியும் கொண்ட கண்ணன் ஒருவர். பெயரில்லாத காதலனும் காதலியும் இரண்டாம் வகை. இவர்களுடைய முகம் எவருடைய முகமும் அன்று, அந்தந்த ஓவியப் பள்ளியின் இலக்கண முகம். மூன்றாமவர் உண்மையான அரசர். அவர் பக்கவாட்டுத் தோற்றத்தில், தலைக்குப் பின்னே ஒளிவட்டத்துடன், மூக்கும் மீசையும் தாடியும் அவருக்கே உரிய சாயலில் வரையப்பட்டிருப்பார். சுற்றி நிற்கும் அமைச்சர்களும் உறவினர்களும்கூட ஆளுக்கொரு முகம் கொண்டிருப்பார்கள்.

முதல் இரு வகையும் பாட்டின் பக்கம் சாய்ந்தவை; மூன்றாவது அரசவையின் பக்கம் சாய்ந்தது. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் கருத்த மேனியுடன், இடக்கையை மேலே தூக்கியபடி அசையாமல் நிற்கும் கண்ணன் உருவத்தைப் பார்த்தால் சற்று நிதானியுங்கள். அவர் நாதத்வாரக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீநாத்ஜி. கோவர்த்தன மலையைத் தூக்கிய கோலம் அது. 1672இல் மேவாரில் நிலைபெற்ற அந்தக் கோயிலின் வழிபாட்டு முறையில் ஆண்டு முழுவதும் விழாக்கள் உண்டு. தீபாவளிக்கு மறுநாள் சோற்றை மலையாகக் குவித்துப் படைக்கும் அன்னகூடம் அவற்றுள் புகழ்பெற்றது. அத்தகைய படங்கள் கண்ணனின் கதையைச் சொல்லவில்லை, கோயில் விழாவைக் காட்டுகின்றன. அருகில் அரசர் ஒருவர் கைகூப்பி நின்றாலோ கவரி வீசினாலோ ஐயமே வேண்டாம்.

இரண்டாம் படி: படத்துக்குள் பாட்டு இருக்கிறதா என்று தேடுங்கள்

தாளின் மேற்புறத்தில் மஞ்சள் பட்டை ஒன்று இருந்து, அதில் தேவநாகரி எழுத்தில் சில வரிகள் காணப்பட்டால், படம் ஒரு பாட்டுக்காக வரையப்பட்டது என்று பெரும்பாலும் துணியலாம். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. அருங்காட்சியகப் பக்கங்களில் அந்த வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று பல வேளைகளில் குறித்திருப்பார்கள். அப்படி வரும் நூல்கள் சில குடும்பங்களாகவே அமைகின்றன. அவற்றை அறிந்துகொண்டால் போதும்.

மிகப் பழைய குடும்பம் வசந்த விழா. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் இயற்றியதாக வழங்கும் ‘ரத்னாவளி’ நாடகத்தின் முதல் அங்கத்தில் கௌசாம்பி நகரத்து மக்கள் மன்மத விழாவைக் கொண்டாடுகின்றனர். வாசப்பொடியை வாரி இறைக்கிறார்கள். குழலால் நீரைப் பீய்ச்சுகிறார்கள். நம் பெருங்கதைக்கும் தலைவனான அதே உதயணன் மாளிகையின் மேலிருந்து பார்த்து மகிழ்கிறான். பொடியும் பீச்சாங்குழலும் ஹோலியோடு சேர்வதற்கு முன்பே வசந்த விழாவுக்கு உரியவையாக இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. விஜயநகரக் காலத்தில் ஹம்பியின் மகாநவமி மேடையில் செதுக்கப்பட்ட புடைப்புச் சிற்பங்களிலும் பீச்சாங்குழல் ஏந்திய பெண்கள் இருக்கிறார்கள்.

இந்த வசந்தம் ஓவியத்தில் எப்படி இருந்தது என்று அறிய, 1451இல் அகமதாபாத்தில் துணியில் எழுதி வரையப்பட்ட ‘வசந்த விலாசம்’ சுருளைப் பார்க்க வேண்டும். பத்து மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தச் சுருள் இப்போது வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ளது. பழைய குஜராத்தி மொழியில் பங்குனிப் பருவத்தைப் பாடும் ‘ஃபாகு’ என்னும் பாடல் வகையைச் சேர்ந்தது அது. சமணச் சுவடிகளில் காணும் அதே துருத்திய விழிகளும் கூரிய மூக்கும் இங்கும் உண்டு. ஆனால் வரையப்படுபவர்கள் தீர்த்தங்கரர்கள் அல்லர், மாமரத்தடியில் கொஞ்சிக் குலவும் காதலர்கள். சமயச் சுவடிக்குப் பழகிய கைகள் பருவ இன்பத்தை வரையத் துணிந்த இடம் என்பதால், விழாக் காட்சியின் வரலாற்றை எழுதச் சொன்னால் நான் இந்தச் சுருளிலிருந்தே தொடங்குவேன்.

அடுத்தது கண்ணன் பாடல்கள். இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும்: கண்ணனும் கோபியரும் வண்ணப்பொடி தூவி விளையாடும் காட்சி பாகவத புராணத்தில் இல்லை. அதில் இருப்பவை சரற்கால இரவின் இராசக் கூத்தும், கோவர்த்தன மலைக்குச் செய்த பூசையும், மலையைக் குடையாகப் பிடித்த கதையும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெயதேவர் கீத கோவிந்தத்தின் முதற் சருக்கத்திலேயே கண்ணனை வசந்த காலத்துக்குக் கொண்டுவந்து பெண்களோடு ஆடவிட்டார். அங்கும் பீச்சாங்குழல் இல்லை. வண்ண விளையாட்டு மதுரா வட்டாரத்துப் பிரஜ் மொழிப் பாடல்களிலும், தமார் என்னும் ஹோலிப் பாட்டிலும் செழித்து, அவற்றின் வழியாகவே ஓவியத்துக்குள் புகுந்தது. ஆகவே கண்ணன் வண்ணம் தூவும் படத்தைப் பார்த்து அதைப் பாகவதப் படம் என்று எழுதுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இமயமலை அடிவாரத்துக் குலேரில் மானக்கு என்ற ஓவியர் 1730இல் வரைந்த கீத கோவிந்தப் படங்களையும், அதற்குப் பின் அருகிலுள்ள காங்ராவில் வரையப்பட்ட ஹோலிப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: முன்னதில் வசந்தம் மரங்களிலும் பூக்களிலும் இருக்கிறது, பின்னதில் அது பாத்திரங்களிலும் குழல்களிலும் முகங்களிலும் அப்பிக்கிடக்கிறது.

மூன்றாவது குடும்பம் இராகமாலை. ஒவ்வோர் இராகத்தையும் ஒரு காட்சியாக வரையும் இந்த வரிசையில், இந்தோள இராகம் என்றால் ஊஞ்சல். வசந்த இராகம் என்றால் கையில் தளிர் செருகிய குடத்தை ஏந்தியாடும் கண்ணன், சுற்றிலும் மத்தளமும் தாளமும் கொண்ட பெண்கள். மேக இராகம் என்றால் மழைமேகத்தின் கீழ் ஆட்டம். காசிக்கு அருகிலுள்ள சுனாரில் 1591இல் வரையப்பட்ட இராகமாலையும், மேவாரின் சாவண்டில் 1605இல் நிசாருத்தீன் வரைந்த இராகமாலையும் நாள் தெரிந்தவை என்பதால் மற்றவற்றை ஒப்பிட நல்ல அளவுகோல்கள். ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் வசந்த இராகம் ‘ஹோலி’ ஆகிவிடுவதும், இந்தோள இராகம் ‘தீஜ் விழா’ ஆகிவிடுவதும் உண்டு. வாங்குவோருக்கு விழா என்றால் கவர்ச்சி அதிகம். இராகம் என்றால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்காவதான பாரமாசா, அதாவது பன்னிரு மாதப் பாடல், விழாக் காட்சிக்கு மிகப் பெரிய களம் அமைத்துக் கொடுத்தது. ஓர்ச்சாவின் கேசவதாசர் 1601இல் முடித்த ‘கவிப்பிரியா’வில் இது ஓர் அத்தியாயமாக வருகிறது. கணவன் பயணம் புறப்பட எண்ணுகிறான். மனைவி ஒவ்வொரு மாதத்தின் அழகையும் எடுத்துச் சொல்லி, இந்த மாதத்தில் போகாதே என்கிறாள். கார்த்திக மாதத்தில் வீடெல்லாம் விளக்கு, சூதாட்டம், புனித நீராட்டு, தானம். ஹோலி வரும் பால்குன மாதத்தில் ஏழை பணக்காரன் என்ற கூச்சமின்றி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் வாசப்பொடியை எறிகிறார்கள். இப்பாடலுக்கு ராஜஸ்தானத்தின் பூந்தி, கோட்டா போன்ற இடங்களில் வரைந்த தாள்களை உற்றுப் பாருங்கள். மேல்மாடத்திலோ ஒரு மூலையிலோ அந்த இருவரும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்; பெண்ணின் ஒரு கை தெருவைச் சுட்டும், அவன் உடல் வாசலை நோக்கியிருக்கும். கீழே தெருவில் செந்தூள் பறக்கும், பறை முழங்கும், கூட்டம் ஆடும். இங்கே விழா என்பது அவள் முன்வைக்கும் வாதம். அவனை வீட்டில் இருத்திவைப்பதற்காகக் காட்டப்படும் காட்சி. அந்த இருவரைத் தவறவிட்டு, கூட்டத்தை மட்டும் பார்த்து, பூந்தி நகரத்து ஹோலி என்று எழுதிவிடுவது எளிது. பேசும் இருவர் கண்ணில் பட்டால் பாரமாசாவை நினையுங்கள்.

மூன்றாம் படி: அரசவைப் பதிவு என்றால் எதைப் பதிவு செய்தது என்று கேளுங்கள்

அக்பர் காலத்தில் சுமார் 1590 முதல் 1595 வரை அவருடைய ஆட்சி வரலாறான அக்பர்நாமாவுக்கு வரையப்பட்ட படங்கள் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1569இல் இளவரசர் சலீம் (பின்னாளைய ஜஹாங்கீர்) பிறந்தபோது நடந்த கொண்டாட்டம் அவற்றில் ஒன்று. எக்காளம் ஊதுவோர், ஆடும் பெண்கள், வாசலில் தானம் வாங்க முண்டியடிக்கும் மக்கள் என்று தாள் முழுவதும் இரைச்சல். நாளும் இடமும் காரணமும் உள்ள கொண்டாட்டத்தை இவ்வாறு வரையும் முறையே முகலாயர் தந்த புதிய கொடை.

ஜஹாங்கீர் காலத்தில் இது அரசவையின் ஆண்டு விழாக்களுக்கு விரிந்தது. 1607இல் இளவரசர் குர்ரம் (பின்னாளைய ஷாஜஹான்) பொன்னுக்கும் பொருளுக்கும் எதிராகத் தராசில் நிறுக்கப்பட்ட நிகழ்ச்சியைக் காட்டும் தாள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துலாபாரம் என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும்; சோழ அரசர்களும் செய்த தானம் அது. இந்திய அரசர்களின் சடங்கை முகலாயர் தம் பிறந்தநாள் விழாவாக ஆக்கிக்கொண்டனர். அதே அரசவை ஈரானியப் புத்தாண்டான நௌரோஸையும் கொண்டாடியது. மழைக்காலத் தொடக்கத்தில் வரும் ஆப்-பாஷான் என்னும் நீர்விழாவில் ஒருவர்மேல் ஒருவர் பன்னீர் தெளித்துக்கொண்டது. கோவர்த்தன் என்ற ஓவியர் சுமார் 1615இல் வரைந்த ஆப்-பாஷான் காட்சி ராம்பூர் ரஸா நூலகத்தில் உள்ளது. நீர் தெளிக்கிறார்கள் என்ற ஒன்றை வைத்து அதை ஹோலி என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் செந்தூள் எங்கே, மஞ்சள் கறை எங்கே என்று தேடினால் கிடைக்காது. பன்னீர்ப் பாத்திரங்கள்தாம் இருக்கும்.

இதனால் முகலாயர் ஹோலியை வரையவே இல்லை என்று பொருளாகாது. 1719 முதல் 1748 வரை ஆண்ட முகம்மது ஷா ஹோலி விளையாடுவதை பூபால் சிங் சுமார் 1737இல் வரைந்த தாள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஷாஜஹானின் ஆட்சி வரலாறான பாதுஷாநாமாவில், 1633இல் நடந்த அவர் மகன் தாரா ஷுக்கோவின் திருமணத்துக்கு வாணவேடிக்கையோடு கூடிய இரவுக் காட்சிகள் உண்டு. அந்தச் சுவடி இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் உள்ளது. இருட்டில் தெறிக்கும் பொறியைப் பொன்துகளால் காட்டும் முறை இத்தகைய தாள்களில் முதிர்ச்சி பெற்று, பிறகு வந்த விழா இரவுகளுக்கெல்லாம் பயன்பட்டது.

நான்காம் படி: வானத்தைப் பாருங்கள்

விழாக்கள் பெரும்பாலும் திதியை வைத்து வருபவை. ஆகவே படத்தில் நிலா இருக்கிறதா, இருந்தால் எந்த வடிவில் இருக்கிறது என்பது நல்ல தடயம். ஹோலியும், சரற்காலப் பௌர்ணமியான சரத் பூர்ணிமையும் முழுநிலாவில் வருவன. தீபாவளி அமாவாசையில் வருவது. ராஜஸ்தானத்தின் கண்கௌர் விழா சைத்ர மாத வளர்பிறைத் திருதியையிலும், ஊஞ்சல் விழாவான தீஜ் சிராவண மாத வளர்பிறைத் திருதியையிலும் வருகின்றன. கண்ணன் பிறந்தநாள் தேய்பிறை அட்டமி. நௌரோஸ் சூரியன் மேட ராசியில் நுழையும் நாள்; அதற்கு நிலாக் கணக்கு இல்லை.

இந்தத் தடயம் மிகவும் கைகொடுக்கும் இடம் மத்தாப்புப் படங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் டெல்லியிலும் அவத்திலும் வேறு பல அவைகளிலும், மாடத்தில் நின்று மத்தாப்பைக் கொளுத்தும் பெண்களை மீண்டும் மீண்டும் வரைந்தார்கள். இவற்றில் பலவற்றுக்குத் ‘தீபாவளி’ என்று பெயரிட்டிருப்பதைக் காணலாம். ஆனால் இஸ்லாமிய நாட்காட்டியின் ஷாபான் மாதத்தின் பதினைந்தாம் இரவான ஷப்-ஏ-பராத்திலும் வாணவேடிக்கையும் விளக்கு வரிசையும் உண்டு. அது முழுநிலா இரவு. மாடத்துக்கு மேலே வட்ட நிலா தெளிவாக இருக்கும் மத்தாப்புப் படத்துக்குத் தீபாவளி என்ற பெயர் எப்படிப் பொருந்தும்? ஓவியர்கள் அழகுக்காகவும் நிலாவைச் சேர்ப்பது உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இலட்சுமி பூசை, சூதாட்டப் பலகை போன்ற அடையாளம் வேறு ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ‘வாணவேடிக்கை பார்க்கும் மகளிர்’ என்று எழுதிவிடுவதே நேர்மை.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வடநாட்டு மாதங்கள் நிலாக் கணக்கில் பௌர்ணமியோடு முடிபவை. நம் மாதங்கள் சூரியக் கணக்கில் வருபவை. படக்குறிப்பில் ‘கார்த்திக அமாவாசை’ என்று இருந்தால் அது நமக்கு ஐப்பசி அமாவாசை. ‘பால்குன பூர்ணிமை’ நமக்கு மாசியிலும் வரலாம், பங்குனியிலும் வரலாம். சிராவணத் திருதியை பெரும்பாலும் ஆடியில் விழும். பெயரொலியை வைத்து அதை ஆவணி என்று கொண்டால் கணக்குத் தவறும்.

ஐந்தாம் படி: கைகளில் இருப்பதைப் பாருங்கள்

ஹோலிக்கு உரியவை பித்தளைப் பீச்சாங்குழல், வண்ணநீர் நிறைந்த பெரிய அண்டாக்கள், தட்டுகளில் குவித்த செந்தூள், வட்டமான டஃப் பறை. நீரின் மஞ்சள் புரசம்பூவைக் காய்ச்சி எடுத்த சாயம். அதைத் தாளில் காட்டும் விதம் கவனிக்கத் தக்கது. நல்ல உதயப்பூர்த் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஜாமா என்னும் வெள்ளை மேலங்கியின் மேல் மஞ்சள் கறை படிந்த இடங்களில் ஓவியர் தெளித்துவிட்டுப் போகவில்லை என்பது தெரியும். அணில் வால்மயிர்த் தூரிகையால் ஒவ்வொரு துளியையும் தனித்தனியே வைத்திருக்கிறார். செந்தூள் மேகமோ அடர்த்தியாகத் தொடங்கி, விளிம்பில் புள்ளிகளாகப் பிரிந்து மறையும். அதற்குப் பின்னால் நிற்பவரின் முகம் அரைகுறையாகத் தெரியும். முகத்தை முழுதாக முடித்த பிறகே அதன் மேல் தூளைப் போட்டிருக்கிறார்கள்.

கண்கௌர் என்றால் பெண்கள் தலையில் சுமந்துவரும் கௌரியின் மரப்பாவை, ஏரிக்கரை, படகு வரிசை. தசரா என்றால் வாள் பூசை, அலங்கரித்த குதிரையும் யானையும், அரசர் வழிபடும் வன்னி மரம். சரத் பூர்ணிமை என்றால் எல்லோரும் நிலா நிறத்து வெள்ளை ஆடையில். நிறத்தை மட்டும் பார்த்தே விழாவைச் சொல்லும் அளவுக்கு ராஜஸ்தானத்து அவைகள் ஆடை விதிகளைக் கடைப்பிடித்தன.

ஆறாம் படி: தாளின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நம்மால் தாளைத் திருப்ப முடியாது. ஆனால் பல அருங்காட்சியகங்கள் பின்பக்கத்தின் ஒளிப்படத்தையோ அதிலுள்ள எழுத்தின் பெயர்ப்பையோ இணையத்தில் தருகின்றன. உதயப்பூர்ப் படங்களில் இது ஒரு புதையல். அரசர் பெயர், என்ன விழா, எந்தத் தோட்டம் அல்லது மாளிகை, உடனிருந்தவர்களின் பெயர்கள், சில வேளைகளில் ஓவியர் பெயர், அரண்மனைப் படக் களஞ்சியத்தில் இட்ட எண், மதிப்பிட்ட விலை என்று ஒரு கணக்கருக்குரிய சலிப்பில்லாத ஒழுங்கோடு எழுதியிருப்பார்கள்.

ஆண்டு பெரும்பாலும் வடநாட்டில் வழங்கும் விக்ரம ஆண்டாக இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்கப் பொதுவாக 57ஐக் கழிக்க வேண்டும். ஆண்டின் இறுதி மாதங்களுக்கு 56ஐக் கழிக்க வேண்டும். ஹோலி பால்குனத்தில் வருவதால் விக்ரம ஆண்டு 1767 பால்குனம் என்பது 1711 ஆகும், 1710 ஆகாது. மேவாரில் அரசாங்க ஆண்டு சிராவணத்தில் தொடங்கியது என்பதால், சைத்ர மாதத்தில் வரும் கண்கௌர் விழாவின் படத்துக்கும் அங்கே 56ஐக் கழிக்க வேண்டிவரும். ஓர் ஆண்டு பிசகினால் என்ன என்று தோன்றலாம். 1710இல்தான் மேவார் அரசர் இரண்டாம் அமர் சிங் மறைந்து இரண்டாம் சங்கிராம் சிங் அரியணை ஏறினார். அந்த ஓர் ஆண்டில் படத்தின் அரசரே மாறிவிடுவார்.

இந்த இருவர் காலத்தில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன கலப்பு நடந்தது. அதற்கு முன்பு மேவார் ஓவியம் என்றால் பெரும்பாலும் நூல்களுக்கு வரைந்த படங்களே. ஓவியர் சாஹிப்தீன் 1628இல் இராகமாலையும் 1629இல் கீத கோவிந்தமும் வரைந்தது அந்த மரபில்தான். அமர் சிங் தம்மையும் தம் அவையையும் வரையச் சொன்னார். அவர் அவையினரோடு ஹோலி விளையாடும், சுமார் 1708 முதல் 1710க்குள் வரையப்பட்ட தாள் மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. உருவ ஒற்றுமையோடு முகம் வரைவதும் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும் முகலாயரிடமிருந்து வந்தவை. பூந்தோட்டம், வண்ணக் குழல், வட்டமாகச் சூழ்ந்து நிற்போர் என்ற காட்சியமைப்போ கண்ணன் ஹோலியிலிருந்தும் வசந்த இராகத்திலிருந்தும் வந்தது. கண்ணன் இருந்த இடத்தில் மேவார் அரசரான மகாராணா அமர்ந்துகொண்டார் என்று சொல்லலாம். சங்கிராம் சிங் காலத்தில் தாள் பெரிதாகி, அரண்மனையும் ஏரியும் நகரமும் உள்ளே வந்தன. ஒரே தாளில் அரசர் புறப்படுவதாகவும், வழியில் செல்வதாகவும், போய்ச் சேர்ந்து அமர்ந்திருப்பதாகவும் மும்முறை தோன்றுவார். ஒரே ஆளை மூன்று முறை கண்டு குழம்ப வேண்டாம். இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ அந்த நாளைத் தொடர்ந்து படிக்க வேண்டும்.

ஏழாம் படி: படியெடுத்ததா என்று ஐயப்படுங்கள்

ஓவியக் குடும்பங்கள் மெல்லிய மான்தோலில் கோடுகளை ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டித் தாளில் இறக்கும் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டன. ஆகவே ஹோலிக் கூட்டத்தில் நழுவி விழும் மனிதரும், பறையடிப்பவரும், பின்னாலிருந்து வண்ணம் ஊற்றும் பெண்ணும் வேறுவேறு அரசர்களின் படங்களில் அதே நிலையில் தோன்றினால் வியப்பில்லை. முகங்கள் மட்டும் புதியவையாக இருக்கும். அந்தப் படம் குறிப்பிட்ட ஆண்டின் ஹோலியைச் சொல்கிறது என்பது பின்பக்க எழுத்தாலும் முகங்களாலும்தான் உறுதியாகும். கூட்டத்தின் அசைவுகளைக் கொண்டு அந்நாளில் நடந்ததை அறிய முயன்றால் ஏமாறுவோம். இதற்கு மாறாக, 1850இல் தாரா என்ற ஓவியர் வரைந்த, மகாராணா சொரூப் சிங் குதிரைமேல் அமர்ந்து ஹோலி விளையாடும் படத்தில், பறக்கும் செந்தூளும் குதிரைகளின் வட்டமும் நேரில் கண்டு வரைந்தவை என்ற உணர்வு வலுவாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாட்னாவின் சேவக் ராம் போன்றோர் ஆங்கிலேயருக்காக வரைந்த முகரம் ஊர்வலங்களுக்கும், தஞ்சாவூரில் அதே வாடிக்கையாளர்களுக்காக வரைந்த ஊர்வலப் படங்களுக்கும் மேற்சொன்ன படிகளில் பல பொருந்தா. அங்கே பாட்டும் இல்லை, படத்தை வரையச் சொன்ன அரசரும் இல்லை. விழா எப்படி நடக்கிறது என்று வெளியூர்க்காரர் ஒருவருக்குக் காட்டுவதே நோக்கம். அவற்றை முதலிலேயே தனியாகப் பிரித்து வைத்துவிடுவது நல்லது.

பயிற்சிக்கு டெல்லி தேசிய அருங்காட்சியகம், வாரணாசியின் பாரத் கலா பவன், ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம் ஆகியவற்றின் சேகரிப்புகளிலிருந்து தொடங்கலாம். வசந்த இராகம் ஒன்று, பாரமாசாவின் பால்குனத் தாள் ஒன்று, உதயப்பூர் ஹோலி ஒன்று என மூன்றை எடுத்து, பெயர்க்குறிப்பை மறைத்துவிட்டு மேற்சொன்ன வரிசையில் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உதயப்பூருக்கே போக வாய்ப்புக் கிடைத்தால், அரண்மனை அருங்காட்சியகத்தில் படங்களைப் பார்த்த கையோடு பிச்சோலா ஏரியின் கண்கௌர் படித்துறைக்கும் நடந்து செல்லுங்கள். ஓவியர் எந்தப் பக்கத்திலிருந்து கரையை நோக்கியிருக்கிறார், தாளுக்குள் அடங்குவதற்காக எந்தக் கட்டடங்களை நெருக்கி வைத்திருக்கிறார் என்பதை அங்கே நின்று ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.